நேரம் பார்த்துக் கஞ்சி வைத்தவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

விசுவமடு, உடையார்கட்டு, தருமபுரம் உறவுகளுக்கும், வெளிநாட்டிலிருந்து விடாமல் விசாரித்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் வணக்கம்.

அம்மாவின் ஸ்கான் ரிப்போர்ட் வந்துவிட்டது. நெஞ்சுக்குள் கட்டி இருந்த இடத்தில் புதிதாக எதுவும் இல்லை என்று டொக்டர் சொன்னார். கேட்டதிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. யாருக்கு முதலில் சொல்வது, எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல்தான் இதைத் தொடங்குகிறேன். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களைத் திரும்பவும் எழுத எனக்கு மனமில்லை. நன்றியை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கிட்ட ஒரு ஒழுங்கைக்குள் சின்னச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. மூன்று நான்கு மேசை, தேத்தண்ணிக்கு ஒரு பெரிய கேத்தல், கண்ணாடிப் பெட்டிக்குள் பணிஸும் றோல்ஸும். நடத்துகிறவர் வயதான ஒரு சிங்கள ஐயா. அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் தெரியாது. சத்திர சிகிச்சைக்குப் பிறகு கதிர்ச் சிகிச்சை தொடங்கிய கிழமையில், பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த நாங்கள், காலைச் சாப்பாட்டுக்கு அங்கே போனோம்.

அம்மா இடியப்பத்தில் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயோடு தாடை நின்றுவிட்டது. நாடிக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சப்பிப் பார்த்தார், ஏலவில்லை. வாயில் இருந்ததை லேஞ்சியில் துப்பிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நாலு பேர் இருக்கிற இடத்தில் அப்படி ஆனது அவருக்குப் பெரிய வெட்கம்.

இது ஏன் என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அந்த ஐயா செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். தைமஸ் என்பது நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இருக்கிற ஒரு சுரப்பி. பிள்ளைப் பருவத்தில் பெரிதாக இருந்து, உடம்பின் நோயெதிர்ப்புக் கலங்களைப் பழக்கிவிட்டு, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். அதில் தைமோமா என்ற கட்டி வருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைக் களைப்பு நோயும் சேர்ந்து வரும். நரம்பு தருகிற கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடம்பே தாக்கத் தொடங்கிவிடும். கண் இமை விழும், ஒன்று இரண்டாகத் தெரியும், கதைக்கக் கதைக்கக் குரல் மூக்கால் வரும், சாப்பாட்டைச் சப்பச் சப்பத் தாடை சோரும். அம்மாவுக்கு எல்லாமே இருந்தது.

அதற்குப் பிரிடோஸ்டிக்மின் என்று ஒரு குளிசை. போட்டு அரை மணி, முக்கால் மணி நேரத்தில் தசைக்குப் பலம் வரும். மூன்று நான்கு மணித்தியாலத்தில் இறங்கிவிடும். எங்கள் குளத்துத் தண்ணி முறை வைத்து வாய்க்காலில் வருகிற மாதிரித்தான் அது. வருகிற நேரத்துக்குள் பாய்ச்சிவிட வேண்டும், தவறினால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். அம்மாவின் சாப்பாடு முழுக்க அந்த இடைவெளிக்குள் நடக்க வேண்டியிருந்தது. விடிய வெள்ளெனக் குளிசை போட்டால் அந்த நேரத்தில் சாப்பாடு கிடைக்காது. கடை திறக்கிற நேரத்துக்குச் சாப்பிட்டால் கதிர்ச் சிகிச்சைக்குக் கூப்பிடுகிற நேரம் வந்துவிடும். தங்கிய அறையில் அடுப்பு மூட்ட வசதியில்லை.

அந்த ஐயா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவரிடம் குளிசைப் பெட்டியைக் காட்டி, கைமணிக்கூட்டைத் தட்டிக் காட்டி, அம்மாவின் தொண்டையையும் காட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்? அவர் உள்ளே போய், கணக்கு எழுதுகிற துண்டுத் தாள் ஒன்றை எடுத்து வந்தார். அதில் ஒரு வட்டம் போட்டு, மணிக்கூடு மாதிரி சுற்றிவர இலக்கம் எழுதினார். முள்ளை மட்டும் போடாமல் பேனையை என்னிடம் தந்தார்.

நான் ஆறு மணிக்கு முள்ளுப் போட்டு, பக்கத்தில் ஒரு குளிசை கீறினேன். அவர் இன்னொரு வட்டம் போட்டுத் தந்தார். அதில் ஆறே முக்காலுக்கு முள்ளுப் போட்டு ஒரு கோப்பை கீறினேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தத் தாளைக் கேத்தலுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டார். அவ்வளவுதான். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நல்ல மனுசன் என்று மட்டும் நினைத்தேன்.

அடுத்த நாள் விடிய நாங்கள் அந்த ஒழுங்கையால் போனபோது கடை இன்னும் திறக்கவில்லை. ஆனால் சட்டரைப் பாதிக்கு உயர்த்திவிட்டு, அவர் வாசலில் நின்று எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். குனிந்து உள்ளே போனோம். மேசையில் ஒரு கோப்பை வல்லாரைக் கஞ்சி மூடி வைத்திருந்தது. வழக்கமாக அவர்கள் விற்கிற மாதிரித் தண்ணியாக இல்லை, கரண்டியால் எடுக்கிற பதத்தில் தடிப்பாக இருந்தது. இந்த நோய்க்காரருக்குத் தண்ணியாக இருப்பது புரையேறும், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று வைத்தியசாலைத் தாதி மிஸ்ஸி எனக்குச் சொல்லியிருந்தார். அவருக்கு அதை யார் சொன்னார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. முதல்நாள் அம்மா தேத்தண்ணிக்கு இருமியதைக் கவனித்திருப்பார் போல. பக்கத்தில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி.

அம்மா கோப்பையை முடித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு சாப்பாட்டை முழுதாக முடித்தார்.

கதிர்ச் சிகிச்சை திங்கள் தொடக்கம் வெள்ளி வரை, கிழமைக்கணக்காக நடப்பது. அந்த நாட்கள் முழுவதும் அவர் இதைச் செய்தார். நெஞ்சின் நடுவில் கதிர் படும்போது உணவுக்குழாயும் வெந்துபோகும். இரண்டாம் மூன்றாம் கிழமையில் விழுங்கும்போது எரியத் தொடங்கும். அம்மா முகத்தைச் சுளித்த அன்றைக்கே அவர் கண்டுகொண்டார். மறுநாள் கஞ்சியில் உள்ளி இல்லை, உறைப்பு இல்லை. கோப்பையைத் தண்ணிச் சட்டிக்குள் வைத்து ஆறவிட்டுத்தான் மேசைக்குக் கொண்டு வந்தார். காசு எடுத்தார், மற்றவர்களுக்கு விற்கிற அதே விலை. கூடக் கொடுத்தால் திருப்பித் தந்துவிடுவார். அதனால்தான் அம்மாவும் கூச்சமில்லாமல் ஒவ்வொரு நாளும் போனார் என்று நினைக்கிறேன்.

பௌர்ணமிப் போயா நாளில் கடை பூட்டு. வைத்தியசாலையிலும் அன்றைக்குக் கதிர்ச் சிகிச்சை இல்லை. நாங்கள் பாணும் வாழைப்பழமும் வாங்கி வைத்திருந்தோம். விடிய யாரோ படலையில் தட்டினார்கள். வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பூத்தட்டு, மற்றக் கையில் பிளாஸ்க். விகாரைக்குப் போகிற வழியில் கஞ்சி கொண்டு வந்திருக்கிறார். என் கையில் தந்துவிட்டு, கைமணிக்கூட்டைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். "சாமி கும்பிடப் போற மனுசன் எங்களுக்காக அடுப்பு மூட்டிப்போட்டு வந்திருக்கிறார் பிள்ளை" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கஞ்சி என்றால் எங்களுக்கு என்ன என்று வன்னியில் இருக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009இல் இறுதிப் போரில் அரிசியும் உப்பும் மட்டும் போட்டுக் காய்ச்சிய அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நின்று உயிர் தப்பி வந்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு அம்மா வீட்டில் கஞ்சி காய்ச்சியதே இல்லை. மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கும்போது மட்டும் ஒரு மிடறு வாங்கிக் குடிப்பார், மிச்சத்தை என்னிடம் தந்துவிடுவார். அன்றைக்கு அந்தக் கடையில் கோப்பையைத் திறந்ததும் அவர் கொஞ்ச நேரம் கையை வைக்காமலே இருந்தார். குடிக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு கரண்டியை எடுத்தார்.

இதை வைத்துப் பெரிய கதை எதுவும் சொல்ல நான் வரவில்லை. எங்களுக்கு நடந்ததற்கான கேள்விகள் அப்படியே இருக்கின்றன. காணாமல் போன பிள்ளைகளுக்காக இன்றைக்கும் கிளிநொச்சியில் தாய்மார் வெயிலில் இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரர் இல்லை. அவர் செய்தது வேறு. பெயர் தெரியாத, மொழி தெரியாத ஒரு மனுசியின் குளிசை நேரத்தை அவர் தன்னுடைய நேரமாக எடுத்துக்கொண்டார். ஏன் செய்தீர்கள் என்று கேட்க எனக்கு மொழியில்லை. சைகையால் கேட்கக்கூடிய கேள்வியும் இல்லை அது.

சிகிச்சை முடிகிற வரைக்கும் அம்மாவின் நிறை பெரிதாக இறங்கவில்லை. நிறை இறங்கினால், உடம்பு ஏலாமல் போனால், கதிர்ச் சிகிச்சையை இடையில் நிறுத்த வேண்டி வரும். அப்படி நிறுத்துவது நல்லதில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஒரு நாளும் நிறுத்தவில்லை. அதில் அந்த ஐயாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. விடைபெறும்போது ஊரிலிருந்து கொண்டுபோன பனங்கட்டிக் குட்டான் ஒன்றைக் கொடுத்தோம். திறந்து மணந்து பார்த்துவிட்டு, அம்மாவின் தலையில் கை வைத்தார். இந்த மடலைச் சிங்களத்தில் எழுதித் தருவதாக எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவர் சொல்லியிருக்கிறார். தபாலில் அனுப்புவேன்.

இனி வைத்தியர்களுக்கு. கிளிநொச்சி வைத்தியசாலையில் ஒரு இளம் டொக்டர், அம்மாவை இமை கொட்டாமல் மேலே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு இமையும் தானாக இறங்கிவிட்டன. "இது களைப்பு இல்லை, நெஞ்சையும் ஒருக்கா ஸ்கான் பண்ண வேணும்" என்று சொன்னது அவர்தான். தங்கச்சி, நீங்கள் அன்றைக்கு அவசரப்பட்டு ஒரு விற்றமினை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால், இந்த மடலை எழுத எனக்கு இடமே வந்திருக்காது.

வெலிசறை நெஞ்சுநோய் வைத்தியசாலையில் சத்திர சிகிச்சை செய்த குழுவினருக்கும், முக்கியமாக மயக்க மருந்து கொடுத்த டொக்டருக்கும் நன்றி. மயஸ்தீனியா இருக்கிறவருக்கு அதைக் கட்டுப்படுத்தாமல் சத்திர சிகிச்சை செய்தால் மூச்சுத் தசையே நின்றுவிடலாமாம். அதனால் அவசரப்படாமல், முதலில் இரத்தத்தில் தசையைத் தாக்குகிற அந்த எதிர்ப்புப் பொருளைப் பரிசோதித்து, மருந்து ஏற்றிப் பலப்படுத்தி, அதற்குப் பிறகுதான் நெஞ்செலும்பைத் திறந்தார்கள். சுரப்பியையும் கட்டியையும், அது ஒட்டியிருந்த இதய உறையின் ஒரு துண்டையும் சேர்த்து முழுதாக எடுத்தார்கள். இந்த நோயில் மற்ற எல்லாவற்றையும் விட முழுதாக எடுப்பதுதான் முக்கியம் என்று சொன்னார்கள். இருமும்போது நெஞ்சோடு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லித் தந்த மிஸ்ஸிமாருக்கும் நன்றி.

தைமோமா அரிதான நோய். பத்து இலட்சம் பேரில் ஒரு வருடத்துக்கு ஒரு சிலருக்குத்தான் வரும். அதனாலேயே யாரைக் கேட்பது என்று தெரியாமல் நாங்கள் அலைந்தோம். நாளைக்கு எங்கள் பக்கத்தில் இன்னொருவருக்கு வந்தால் அவர் அப்படி அலையக் கூடாது என்பதற்காக, டொக்டர்மார் எங்களுக்கு விளங்கப்படுத்தியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

தைமோமாவும் தைமிக் கார்சினோமாவும் ஒன்றல்ல. இரண்டாவது வேகமாகப் பரவக்கூடியது. தைமோமாவை ஏ, ஏபி, பி1, பி2, பி3 என்று வகை பிரிப்பார்கள். அம்மாவுக்கு இருந்தது பி3. கட்டி உறைக்குள்ளேயே இருந்து, முழுதாக எடுத்துவிட்டால், பலருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. சிறிய கட்டியென்றால் கமரா விட்டுச் சின்ன ஓட்டையாலும் எடுக்கிறார்கள். பக்கத்து உறுப்புகளுக்குள் போயிருந்தால், அல்லது வெட்டிய ஓரம் கட்டிக்கு மிகக் கிட்ட இருந்தால் கதிர்ச் சிகிச்சை. வழக்கமாக 45 தொடக்கம் 54 கிறே (கதிரை அளக்கிற அலகு) வரை, நாளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். எடுக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் முதலில் கீமோ மருந்து ஏற்றிச் சுருக்கிப் பார்ப்பார்கள். தைமோமாவுக்குச் சிஸ்பிளாட்டின், டொக்சோரூபிசின், சைக்ளோபொஸ்பமைட் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். கார்சினோமாவுக்குக் கார்போபிளாட்டினும் பக்லிடாக்சலும். அதற்கும் அடங்காமல் திரும்பி வந்த கார்சினோமாவுக்குச் சுனிட்டினிப், லென்வாட்டினிப் போன்ற குளிசைகள் உலகத்தில் பாவனையில் இருக்கின்றன. பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தும் இருக்கிறது. ஆனால் மயஸ்தீனியா உள்ளவருக்கு அது ஆபத்தாக முடியலாம். இதயத் தசையையும் தாக்கலாம். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் அன்பாகக் கேள்விப்பட்டுச் சொன்னாலும், டொக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அதோடு இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கட்டியை எடுத்த உடனே மயஸ்தீனியா போய்விடாது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் குளிசை போட வேண்டும். காய்ச்சல், சலக்கடுப்பு என்று போனால் கொடுக்கிற சில சாதாரண மருந்துகளே, சிப்ரோபிளொக்சசின், ஜென்டமைசின் போன்றவை, இந்த நோயைத் திடீரென்று கூட்டிவிடும். அம்மாவின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் அதை எழுதி வைத்திருக்கிறோம். விசுவமடுச் சந்தி மருந்துக் கடைக்கும் சொல்லி வைத்தாயிற்று.

தைமோமா பல வருடம் கழித்தும் திரும்பலாம் என்பதால், பத்து வருடம் வரைக்கும் ஸ்கான் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் இனி யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை வைத்தியசாலையோடு சமாளிக்கலாம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து காசு சேர்த்து, அங்கே புற்றுநோய்ப் பிரிவு எழும்பக் காரணமானவர்களையும் இந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர்களுடைய அந்த நடையால் அம்மாவின் இரவுப் பயணம் எத்தனையோ குறைகிறது.

அப்புறம் நீங்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன் என்ற பயத்தில் மொத்தமாகச் சொல்கிறேன். எங்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டிய பக்கத்து வீட்டு மாமி, கச்சானுக்குத் தண்ணி இறைத்த பெடியள், சீட்டுக்காசை முறை மாற்றி எங்களுக்கு முதலில் தந்த மாதர் சங்கத்து அக்காமார், ஜனாதிபதி நிதியத்துக்கான படிவத்தை உட்கார்ந்து நிரப்பித் தந்த கிராம சேவகர், இரத்தம் கொடுக்கக் கொழும்பு வரைக்கும் வந்த தம்பிமார், அம்மாவுக்கு முன்சீட்டை ஒதுக்கி வைத்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் தானே இறங்கித் தேங்காய் உடைத்த பஸ் கொண்டக்டர், கனடாவிலும் சுவிஸிலும் இரண்டாவது வேலை செய்து அனுப்பிய சித்தப்பா குடும்பங்கள், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்தவர்கள், தேவாலயத்தில் செபமாலை சொன்னவர்கள். சுகம் கேட்டு வந்து, அம்மாவால் கதைக்க ஏலாது என்று தெரிந்ததும், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனவர்களை அம்மா இப்போதும் ஒவ்வொருவராக நினைத்துச் சொல்கிறார்.

இந்தக் கடனை உங்களுக்கே திருப்பித் தர என்னிடம் ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் செய்வேன், அம்மாவும் சம்மதித்துவிட்டார். எங்கள் பக்கத்திலிருந்து மகரகமவுக்கோ வெலிசறைக்கோ முதல் தடவை போகிற யாராக இருந்தாலும், எந்த நோயாக இருந்தாலும், நான் கூட வருவேன். எந்த வாசலால் போவது, எந்தக் கவுண்டரில் துண்டு எடுப்பது, எங்கே தங்குவது என்று இப்போது எனக்குத் தெரியும். இந்த மாதத்திலிருந்து சிங்களமும் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். தெல்லிப்பழைக்குப் போகிறவர்களில் மெல்ல முடியாமல், விழுங்க முடியாமல் இருக்கிறவர்கள் முதல்நாள் சனசமூக நிலையத்தில் சொல்லி வையுங்கள். எந்த நேரத்துக்குக் குளிசை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பஸ் வெளிக்கிடுவதற்கு முன்னம், அவருக்கேற்ற பதத்தில் கஞ்சி காய்ச்சிப் பிளாஸ்கில் ஊற்றி நானே கொண்டுவந்து தருவேன்.

அன்போடும் நன்றியோடும்,
அம்மாவும் மகளும்,
விசுவமடு.